யாருடைய பேரில் பதிவது?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 26. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான் எழுதிய விஞ்ஞானக் கதை ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 2040ஆம் ஆண்டில் நடக்கிற கதை. நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு கிழவியின் கைகளுக்குக் கொம்பனி ஒரு கையுறையை மாட்டி, அந்தக் கைப்பழக்கம் முழுவதையும் இயந்திரங்களுக்கு ஏற்றிவிடுகிறது. பிறகு கிழவிக்கு மறதி நோய் வந்து எல்லாம் அழிந்துபோகிறது. பேத்தி கால இயந்திரத்தில் ஏறி 1985க்குப் போய், இளம் பெண்ணாக இருக்கும் அம்மாயியைப் பார்த்துவிட்டு வருகிறாள். கடைசியில் மலையில் நிற்கும் இயந்திரம் அவளைப் பார்த்து, "நான்தான் உன் அம்மாயி" என்கிறது.

என் சொந்த அம்மாயியைப் பார்த்துத்தான் இதை எழுதினேன். அவருக்கு இப்போது என்னைத் தெரிவதில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலைச் செடியருகே உட்காரவைத்தால் விரல்கள் தாமாகவே கொழுந்து கிள்ளுகின்றன. கிள்ளிய முதல் பிடியைச் செடியின் தலையிலேயே வைத்து, விளைச்சல் பெருகட்டும் என்று வாழ்த்துவதுபோல "பொலி பொலி" என்று முணுமுணுக்கிறார்.

எனக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர் கதையைப் படித்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துக் கஷ்டத்தை எழுது. இயந்திரமும் காலப் பயணமும் வெள்ளைக்காரர்களுக்கு" என்றார். கதையை அமெரிக்காவில் நடப்பதாக மாற்றிவிடவா? இயந்திரத்துக்கு மனம் இருக்கிறது என்று வாசகரை நம்பவைப்பது எப்படி? அம்மாயியை வைத்து எழுதுவது பிழையா? என் பெயரைப் போட வேண்டாம்.

வாசகி, மஸ்கெலியா

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன்; கடிதத்தை நாலைந்து முறை. கதையில் இல்லாத ஒன்று கடிதத்தில் இருக்கிறது. செடியின் தலையில் அம்மாயி வைக்கிற அந்த முதல் பிடிக் கொழுந்து. இருபத்திரண்டு பக்கக் கதையில் அதை ஓரிடத்திலும் காணவில்லை. விஞ்ஞானக் கதைக்கு அது பொருந்தாது என்று நீங்களே ஒதுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருபது வருடங்களாகப் பிறருடைய கதைகளைச் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் தொழில். எழுதியவர் வேண்டாமென்று வெளியே விட்ட இடத்தில் கதையின் உயிர் கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பதில் எங்கெங்கே போனாலும் அந்த ஒரு பிடிக்குத்தான் திரும்பி வரும்.

முதலில் இடத்தைப் பேசி முடித்துவிடுவோம். கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் ஆசிரியர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். அவர்மேல் வருத்தம் வேண்டாம். சி.வி. வேலுப்பிள்ளை காலத்திலிருந்து இந்த மலைகளில் பேனா பிடித்தவர்களுக்கெல்லாம் மக்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டிய கடமை தோளில் இருந்தது. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் வந்த கடமை அது. ஆனால் இயந்திரம் நமக்கு அந்நியம் என்று அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் பெரிய சக்கரத்தில் ஒரு முனி குடியிருக்கிறது என்று நம்பி, அதற்கு ரோதை முனி என்று பெயர் வைத்துப் பூசை போட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். இரும்புக்குள்ளும் நினைப்பும் கோபமும் உள்ள ஒன்று இருக்கலாம் என்ற எண்ணம் நீங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே உங்கள் தோட்டத்தில் இருந்தது.

இன்னொன்றையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். 1979இல் வெளியான அவருடைய 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதன் அடிக்கால் ஊன்றுகிற இடம், நீங்கள் காலையில் கதவைத் திறந்ததும் பார்க்கிற சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து அவர் படைத்த மலை. அப்படியொரு தூக்கி பூமத்திய ரேகையில் நிற்க வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே இழுத்துவைத்துவிட்டார். தீவை நகர்த்திவிட்ட பிறகு கம்பியின் கனம், காற்றின் வேகம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகக் கணக்குச் சொன்னார். இதில் உங்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. உலகத்து விஞ்ஞானக் கதை உங்கள் வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டது என்பது ஒன்று. மற்றது, பெரிய பொய் ஒன்றைத் துணிந்து சொல். மற்றதையெல்லாம் மெய்யாகச் சொல் என்கிற தொழில் நேர்மை. உங்கள் பெரிய பொய் கையுறை. அது நல்ல பொய். அதைவிட்டு நகராதீர்கள்.

இனி உங்கள் கதையின் நடுக்கேள்விக்கு வருகிறேன். இயந்திரத்துக்குள் போனது அம்மாயியா, அம்மாயியின் திறமை மட்டுமா?

வெளிநாட்டு வாசகர் 'நகல் எடுக்கப்பட்ட உயிர்' என்பதைச் சிரமப்பட்டுக் கற்பனை செய்ய வேண்டும். நமக்கு அது தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வரிசையாக நிற்கிறது. வி.பி. தேயிலை என்று நாம் சொல்வது விதையிலிருந்து முளைத்ததில்லை. நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் கிளையை ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பைகளில் நட்டு, வேர் பிடித்ததும் மலைக்குக் கொண்டுபோகிறார்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் அப்படித்தான் மலை மலையாகப் பரவின. மரபணுவைப் பார்த்தால் அந்த மலை முழுவதிலும் நிற்பது ஒரே செடி. ஆனால் நினைவு நன்றாக இருந்த காலத்தில் உங்கள் அம்மாயியிடம் கேட்டிருந்தால், பாறையடிச் செடி வேறு, கானோரத்துச் செடி வேறு என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பார். செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி எங்கே ஆழமாக இறங்கியது, எந்தப் பக்கத்தில் பனி நின்றது, எந்தச் செடியைக் கல் சாய்த்தது என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பிறப்பு ஒன்றாக இருந்தாலும் பட்டது வேறு.

டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1984இல் வெளியிட்ட நூலொன்றில் இதையே மனிதரை வைத்துக் கேட்டார். நீங்கள் ஒரு பெட்டிக்குள் போகிறீர்கள். உங்கள் உடல் முழுவதும் அணு அணுவாகப் பதிவாகி, அதே முகமும் அதே நினைவுமாகச் செவ்வாய்க் கிரகத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறார். இங்கே இருந்த உடல் அந்த நொடியிலேயே இல்லாமற்போனால், 'பயணம் போய்விட்டேன்' என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே இருந்தவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தால்? இருவரில் யார் நீங்கள்? பார்ஃபிட் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எனக்குப் பிடித்தது. 'அது நானா' என்று நச்சரிப்பதை விட்டுவிட்டு, என்னிடமிருந்து எது தொடர்ந்து போகிறது என்று பார் என்றார்.

உங்கள் கதை அந்த இரண்டாவது நிலையில் நிற்கிறது. அம்மாயி உயிரோடு காம்பராவில், லயத்து அறையில், இருக்கிறார். அவருடைய கைகள் மலையில் வேலை செய்கின்றன. இதைவிட நல்ல கதைச்சூழல் ஒருவருக்குக் கிடைக்காது. நீங்களோ ஏழாம் பக்கத்திலேயே அம்மாயியைப் படுக்கையில் போட்டுவிட்டு மறந்துவிட்டீர்கள். அவரைத் திரும்ப உட்காரவையுங்கள். செடியருகே.

அந்த விரல்கள் ஏன் மறக்கவில்லை என்பதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர்பெற்ற சான்று உண்டு. 1953இல் அமெரிக்காவில் கடுமையான வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, எச்.எம். என்று நூல்களில் குறிக்கப்படும் ஓர் இளைஞருக்கு மூளையின் இரு பக்கங்களிலும் ஒரு பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திர வடிவத்தின் இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாள் பழகியதில் அவருடைய கை தேர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அவருக்கு மட்டும் அது முதல் நாள். இந்தப் பென்சிலையோ இந்தக் கண்ணாடியையோ முன்பு பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை. 'என்ன நடந்தது' என்ற நினைவும் 'எப்படிச் செய்வது' என்ற நினைவும் மூளையில் வெவ்வேறு இடங்களை நம்பியிருக்கின்றன என்பது அப்படித்தான் தெளிவாகத் தெரிந்தது. முதுமையில் வருகிற மறதி நோயிலும் பேரும் முகமும் முன்னே போய்விட, நீண்டகாலக் கைப்பழக்கம் பின்னே தங்கிநிற்பதைப் பல வீடுகளில் காணலாம்.

இதை உங்கள் கதைக்குள் வைத்துப் பாருங்கள். கையுறை எடுத்துக்கொண்டது 'எப்படி' என்ற நினைவை. அம்மாயியிடம் மிஞ்சியிருப்பதும் அதே நினைவுதான். ஆக, இயந்திரத்திடமும் இருக்கிறது, அம்மாயியிடமும் இருக்கிறது. அவர் இழந்ததோ இரண்டு இடத்திலும் இல்லை. பேத்தியின் முகம் எங்கும் பதிவாகவில்லை. நீங்கள் எழுதிய முடிவில் இயந்திரம் "நான்தான் உன் அம்மாயி" என்று சொன்னபோது என் மனம் அசையாததற்கு இதுதான் காரணம். பேத்தியை அடையாளம் காணும் நினைவு அந்தக் கையுறைக்குள் போகவே இல்லையே. உங்கள் கதையின் விதியை நீங்களே மீறிவிட்டீர்கள்.

இயந்திரத்துக்கு மனம் இருக்கிறது என்று நம்பவைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இயந்திரத்தின் வாயால் சொல்லவைக்காதீர்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கு எப்போதும் சாட்சி தேவை. இந்த வித்தையை நம் மொழி எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளாக அறியும். பெரியபுராணத்துத் திருமூலர் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழியே வந்த சிவயோகி மனமிரங்கி அந்த உடலுக்குள் புகுந்து எழுகிறார். பசுக்கள் மோந்து பார்த்து, நக்கி, ஆனந்தமாக மேயப் போய்விடுகின்றன. பொழுது சாய்ந்ததும் மூலனின் மனைவி வருகிறாள். தொட வந்தவளை அவர் தடுத்து, உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். அதே முகம், அதே கை, அதே குரல். ஆனாலும் இரவு முழுவதும் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள் அந்தப் பெண்.

பசுக்களுக்கு அவர் மூலன்தான். மனைவிக்கு மூலன் கையைவிட்டுப் போய்விட்டான். இரண்டு சாட்சிகள், இரண்டு தீர்ப்புகள், உடல் ஒன்று. எத்தனையோ பக்கங்களில் விவாதிக்க வேண்டியதைச் சேக்கிழார் ஒரு பொழுதுக்குள் முடித்துவிடுகிறார். அந்த மனைவிக்கு ஒரு பெயர்கூட அங்கே இல்லையே என்பது எனக்கு எப்போதும் உள்ள வருத்தம்.

உங்களுக்கும் இரண்டு சாட்சிகள் தேவை. ஒருவர் கொம்பனியின் பொறியியலாளர். அவர் கையுறைப் பதிவைத் திரையில் ஓட்டிப் பார்க்கிறார். நிமிடத்துக்கு எத்தனை கிள்ளல், எந்தக் கோணம், எவ்வளவு அழுத்தம் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒவ்வொரு நிரையின் தொடக்கத்திலும் மட்டும் ஒரு வீண் அசைவு. கை கூடைக்குப் போகாமல் செடியின் மேலே போய்த் தாழ்கிறது. ஒரு பிடிக் கொழுந்து நட்டம். அவர் அதைப் பிழை என்று குறித்து நீக்கிவிடுகிறார். கெட்டவராக அவரை எழுதாதீர்கள். தன் வேலையைச் சரியாகச் செய்கிறவராக எழுதுங்கள்.

மற்றச் சாட்சி பேத்தி. அந்த அசைவு என்ன என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரியும்.

பிறகு என்ன நடக்கும் என்பதை நான் எழுதக்கூடாது. கதை உங்களுடையது. ஆனால் வழிகள் தெரிகின்றன. நீக்கிய பிறகும் ஏதோ ஒரு இயந்திரத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டில் அம்மாயியின் கை அந்தப் பழக்கத்தையும் மறந்துவிட்ட அதே வாரத்தில், மலையில் பதினாலாம் இலக்க இயந்திரம் நிரையின் தலைப்பில் நின்று, முதல் பிடியைச் செடியின் தலையில் வைப்பதைப் பேத்தி பார்க்கலாம். வைத்துவிட்டு அது வேலையைத் தொடர்கிறது. ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கு மனம் உண்டா என்று நீங்கள் சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள்.

இந்த இடத்தில்தான் உலகத்தில் வேறு எவராலும் எழுத முடியாததை நீங்கள் எழுதலாம் என்று நினைக்கிறேன். சற்று நின்று இதைப் பார்ப்போம்.

நான் யார் என்ற கேள்விக்கு மேல்நாட்டுத் தத்துவத்தில் பெரும்பாலும் இரண்டு விடைகளை வைத்துத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். உடல்தான் நான் என்பார் ஒருவர். நினைவுதான் நான் என்பார் இன்னொருவர். மூன்றாவது விடையை நம் மக்கள் அனுபவித்து அறிந்திருக்கிறார்கள். பதிவேடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்த மறுநாளும் நம் பாட்டிமார் அதே உடலோடும் அதே நினைவோடும்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள். ஆனால் நாடில்லாதவர்களாகப் போனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. மிச்சமிருந்த நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. உடலும் மாறாமல் நினைவும் மாறாமல் ஒருவர் வேறொருவராக்கப்படுவதற்கு விண்கலம் வேண்டியதில்லை. பேனா போதும்.

உங்கள் வீட்டிலேயே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது பெயர் என்று அலைந்தவர்கள் எத்தனை பேர்? இந்த மூவரும் நான் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

இன்னும் நெருங்கிப் போகலாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு என்ன பெயர்? பேர். குறித்த கிலோ எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். 'இன்றைக்கு எனக்குப் பேர் விழவில்லை' என்று அம்மாயி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆளைக் குறிக்கிற சொல்லும், ஆளின் பெயரைக் குறிக்கிற சொல்லும், ஆளின் ஒரு நாள் உழைப்பைக் குறிக்கிற சொல்லும் ஒன்றாகவே இருக்கிற ஓர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், உயிரூட்டப்பட்ட அந்தப் பிறவிக்குக் கடைசிவரை பெயரே வைக்கவில்லை. உங்கள் பதினாலாம் இலக்கத்துக்கும் பெயர் இல்லை. மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை நடக்கிறது. கணக்கப்பிள்ளை வேலைப் பதிவேடான செக்ரோலைத் திறக்கிறார். நாற்பது வருடம் பழகிய விரல்கள் பறித்த கொழுந்து அது. விரல்களுக்கு உரியவர் காம்பராவில் உட்கார்ந்திருக்கிறார். யாருடைய பேரில் பதிவது?

அந்தக் கேள்வியைப் பேத்தி மடுவத்தில், எல்லோருக்கும் முன்னால், வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆசிரியர் விரும்புகிற தோட்டத்துக் கதையும் நீங்கள் விரும்புகிற விஞ்ஞானக் கதையும் அந்த மேசையில் ஒன்றாகிவிடும்.

இனி காலம். கால இயந்திரத்தை எடுத்துவிடுங்கள். எச்.ஜி. வெல்ஸ் 1895இல் அதை ஓட்டிக் காட்டியபோது, அந்த வண்டியே கதையின் ஒரே பெரிய பொய்யாக இருந்தது. உங்களிடம் ஏற்கெனவே கையுறை இருக்கிறது. இரண்டாவது பொய் வந்து ஏறியதும் முதலாவதும் சரிந்துவிடுகிறது. அதோடு, இந்தக் கதைக்குள் காலப் பயணி ஒருவர் முதலிலிருந்தே இருக்கிறார். அம்மாயியை 1985இல் போய்ப் பார்க்க வண்டி எதற்கு? அவரே அங்கேதான் வாழ்கிறார்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாட்டின் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் எங்கள் காம்பராச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் தொங்கின. ஒன்று பாடசாலைக்கும் வேலைக்கும். மற்றதை அம்மா யாரையும் தொடவிடவில்லை. ராகு காலம் பார்ப்பது, சாமிக்கு விளக்கு வைப்பது, அப்பா இறந்த நேரத்தை நினைத்துக் கும்பிடுவது எல்லாம் அந்தக் கடிகாரத்தில்தான். எத்தனை மணி என்று யார் கேட்டாலும், 'பழைய நேரமா, புது நேரமா?' என்று திருப்பிக் கேட்பது நாடு முழுவதும் வழக்கமாகியிருந்தது. உங்கள் அம்மாயி இருட்டோடு எழுந்து கூடையைத் தேடுகிறார் என்றால் அவருக்கு அது பழைய நேரம். தடுக்கிற பேத்திக்குப் புது நேரம். ஒரே காம்பராவில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது என்று எழுதினால், இலங்கையில் வாழ்ந்த ஒவ்வொரு வாசகருக்கும் அது உடனே பிடிபடும்.

மெய்யான பௌதிகமும் கொஞ்சம் வேண்டும் என்றால் மலையே தருகிறது. பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி பூமியைவிட்டு உயர உயரக் கடிகாரம் சற்று விரைவாக ஓடும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வைத்த கடிகாரம், கடல் மட்டத்தில் வைத்ததைவிட நாளொன்றுக்கு 17, 18 நானோ செக்கன் முந்தும். ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோ செக்கன். அறுபது வருடம் மலையிலேயே வாழ்ந்தவர் அதனால் மூப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதிகூட இல்லை. அந்தத் துளியைக் கணக்கிட்டுச் சொல்கிற பொறியியலாளரும், கூடைக் கயிறு உச்சந்தலையில் முடி உதிர்த்த தடத்தைத் தடவிப் பார்க்கிற பேத்தியும் ஒரே பக்கத்தில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஒரு சொல்லையும் மாற்றச் சொல்வேன். மறதியில் எல்லாம் 'அழிந்துபோகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை எழுதலாமா? பழைய மஸ்கெலியா அந்த நீருக்கடியில்தான் இருக்கிறது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும். ஊர்க்காரர்கள் சேற்றில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மழை வந்ததும் திரும்பவும் மூடிவிடும். மறதி நோயிலும் நல்ல நாள், மங்கிய நாள் என்று உண்டு. உங்களை ஒரு நிமிடம் பெயர் சொல்லி அழைத்துவிட்டு மறுபடி போய்விடும் நாள் அம்மாயிக்கும் வந்திருக்கும். அதை எழுதுங்கள்.

அம்மாயியை வைத்து எழுதுவது பிழையா என்ற கேள்விக்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. அவரால் சம்மதம் சொல்ல முடியாத காலத்தில் அவருடைய விரல்களை நீங்கள் கடதாசிக்கு ஏற்றுகிறீர்கள். கொம்பனி கையுறை கொண்டுவருகிறது. நீங்கள் பேனா கொண்டுவருகிறீர்கள். வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். ஆனால் அது தானாக வந்துவிடாது. கொம்பனி வீண் என்று நீக்கியதை நீங்கள் நீக்காமல் வைத்திருந்தால் அங்கே இருக்கிறது வித்தியாசம். முதல் பிரதியில் நீங்களும் நீக்கிவிட்டீர்கள் என்பதை வலிக்காமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தங்கை. இந்தத் தயக்கத்தைப் பேத்திக்கே கொடுங்கள். கையுறையைப் பாட்டியின் கைக்கு மாட்டிவிட்டவளே அவளாக இருந்தால் எப்படியிருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். எழுதி முடித்ததும் நல்ல நாள் பார்த்து அம்மாயிக்கு வாசித்துக் காட்டுங்கள். விளங்குகிறதோ இல்லையோ, அவர் கேட்க வேண்டிய கதை அது.

கதைக்கு வெளியே ஒரு வார்த்தை. வயதானால் மறதி வரும் என்று சும்மா இருந்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். தைராய்டுச் சுரப்புக் குறைந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும் மறதி வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. அம்மாயியை இதுவரை வைத்தியரிடம் காட்டவில்லை என்றால், கதையைத் திருத்துவதற்கு முன்பு அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் வைத்தியர் இல்லை. என் அம்மாவை அழைத்துப் போகப் பிந்திய மகள்.

மொழியைப் பற்றிச் சிறிது. 'பறித்தல் அலகு', 'உற்பத்தி மேலாண்மை மையம்' என்றெல்லாம் எதிர்காலத்துக்காகச் சொற்களை உருவாக்கியிருக்கிறீர்கள். தேவையில்லை. 2040இலும் மடுவம் மடுவமாகவே இருக்கும். நிரையும் படங்கும் கானும் அப்படியே இருக்கும். புதிதாக வந்த ஒரே பொருளுக்கு மட்டும் புதுப் பெயர் போதும். அந்தப் பெயரையும் கொம்பனி வைக்கக்கூடாது. பெண்கள் வைக்க வேண்டும். கையுறையை மலையில் என்னவென்று அழைப்பார்கள்? கொழுந்து எடுக்கப் போகிற நாலு அக்காமாரிடம் கதையைச் சொல்லிக் கேளுங்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு பெயர் கிடைத்துவிடும்.

இருபத்திரண்டு பக்கம் பதினான்காகக் குறையும் என்று நினைக்கிறேன். அவசரமில்லை. மாசி முடிவதற்குள் அனுப்பினால் நான் திரும்பப் பார்க்கிறேன். இந்தப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டீர்கள், போடவில்லை. ஆனால் திருத்திய பிரதியின் முதல் தாளில் பெயர் இருக்க வேண்டும். அடையாள அட்டையில் எப்படி இருந்தாலும் சரி, அம்மாயி உங்களைக் கூப்பிட்ட மாதிரியே எழுதுங்கள். அச்சகத்துக்கு எழுத்தைக் கூட்டிச் சொல்லிச் சரியாகப் போடவைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
அக்கா